அசலில் கழிக்கவும்

மேட்டூர்
6.6.2024

தமிழ்மாறனுக்கு,

உன் நம்பரை என் போனில் பிளாக் செய்துவிட்டேன். அம்மா போனிலிருந்தும் கூப்பிடாதே. பேசினால் நீ குரலை இறக்கிக்கொண்டு "அக்கா, அக்கா" என்பாய், நான் இளகிவிடுவேன். நீ பேசப் பழகிய நாளிலிருந்து அதுதான் நடக்கிறது. அதனால்தான் காகிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீடாமங்கலம் கார் ஸ்டாண்டில் உன் கூட்டாளிகள் ஏழு பேர் முன்னால் உன்னைத் திருடன் என்று சொன்னேன். அதில் ஒரு எழுத்தையும் நான் திரும்ப எடுக்கப் போவதில்லை. நீ வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஊமை மாதிரி நின்றாய். பதில் இருக்கிறவன் அப்படி நிற்க மாட்டான்.

மறந்தவன் மாதிரி நின்றதால் ஞாபகப்படுத்துகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சம்பளச் சீட்டு இல்லாத உனக்கு யாரும் கார் கடன் தரவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்த என் சீட்டை வைத்து, என் பெயரில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் ஏழு லட்சம் வாங்கிக் கொடுத்தேன். வண்டியும் என் பெயரில். மாதத் தவணை பதினையாயிரத்துச் சொச்சம் உன்னுடையது. அதற்கு மேல் மாதாமாதம் ஐயாயிரம் உனக்கு அனுப்புகிறேன், மன்னார்குடி கிளையில் கொண்டுபோய்க் கூடுதலாகக் கட்டு, அசல் குறையட்டும் என்றேன். அந்தக் கம்பெனியின் ஆப்பில் தவணைக்கு மேல் கட்ட வழியில்லை என்றுதான் உன் கையில் கொடுத்தேன். அறுபது மாதக் கடன் நாற்பத்திரண்டு மாதத்தில் முடியும், எழுபத்து நாலாயிரம் வட்டி மிச்சம் என்று கணக்குப் போட்டு உனக்குக் காட்டினேன். "சூப்பர்க்கா" என்றாய்.

இப்போது இங்கே ஒரு வீடு வாங்க ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்கடனுக்குப் போனேன். பேங்கில் எடுத்துப் பார்த்தால் கார் கடன் இன்னும் நாலு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் நிற்கிறது. மூன்று லட்சத்து முப்பத்து நாலாயிரம் இருக்க வேண்டியது. ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டாதவனுக்கு எவ்வளவு நிற்குமோ, அவ்வளவு அப்படியே நிற்கிறது. "இவ்வளவு கடனை வைத்துக்கொண்டு நீங்கள் கேட்கிற தொகை வராது மேடம்" என்றான் பேங்கில் இருந்த பையன். என் வயசில் பாதிதான் இருக்கும் அவனுக்கு.

இருபத்து நாலு மாதம். ஒரு லட்சத்து இருபதாயிரம். நைட் டூட்டிப் படியை எடுத்து அனுப்பிய பணம் அது. இந்த மாதம் முடிவதற்குள் கொண்டுவந்து வை. இல்லாவிட்டால் வண்டியை எடுத்துக்கொள்வேன். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்.

எழில்மொழி


நீடாமங்கலம்
12.6.2024

அக்காவுக்கு,

கடுதாசி எழுதி எனக்குப் பழக்கம் இல்ல. நாலு தடவ கிழிச்சுப் போட்டுட்டு அஞ்சாவதா எழுதறேன். கையெழுத்து புரியலன்னா எழுத்துக் கூட்டிப் படி.

நான் ஊமையா நின்னேன்னு எழுதியிருக்கே. நீ மேட்டூர்லேருந்து பஸ் புடிச்சு வந்து இறங்குன, முகமெல்லாம் வேர்த்துக் கெடந்துது, நான் தண்ணி பாட்டிலை எடுக்க வண்டிக்குள்ள குனிஞ்சேன். நிமிர்றதுக்குள்ள "திருடா"ன்னுட்டே. நான் பதில் சொல்லியிருந்தா அந்த ஏழு பேர் முன்னாடி அக்காவும் தம்பியும் கட்டிப் பொரளற மாதிரி ஆயிருக்கும். நீ மூத்தவன்னு வாயை மூடிக்கிட்டேன். அதுக்கு நீ வச்ச பேரு ஊமை.

இதோட ரசீது ஜெராக்ஸ் எல்லாம் வச்சிருக்கேன். எண்ணிக்க. இருபத்தி ரெண்டு இருக்கும். ஒவ்வொண்ணுலயும் தேதி இருக்கு, ஐயாயிரம்னு போட்டிருக்கு, மன்னார்குடி கிளை சீல் இருக்கு. தவணை கட்டுனது தனி, அது ஆப்புல போவுது. இது நான் கையில கொண்டுபோயி வரிசையில நின்னு கட்டுனது. கொரோனா தடுப்பூசிக்குக்கூட நான் அப்படி நின்னதில்ல.

இருபத்தி நாலுல ரெண்டு இல்ல. அதை மறைக்க மாட்டேன். போன வருஷம் நவம்பர், டிசம்பர். மழையில கோவில்வெண்ணி கிட்ட ரோட்டுல ஓடுன தண்ணியில வண்டிய எறக்கிட்டேன். இஞ்சின்ல தண்ணி பூந்து ஷெட்டுல இருபத்தி ரெண்டாயிரம் ஆச்சு. உன் பத்தாயிரத்தை அதுல போட்டேன். கட்டிட்டேன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். ஏன் சொன்னேன்னா, தண்ணியில ஏன் எறக்குனேன்னு நீ ஒரு மாசம் கேட்டுக்கிட்டே இருப்பே. அந்தப் பத்தாயிரத்துக்கு என்னைத் திருடன்னு சொல்லு, வாங்கிக்கறேன். மீதி ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குச் சொல்லாதே.

அது எங்க போச்சுன்னு எனக்கும் தெரியல. கம்பெனியில கேக்கணும். ஆனா எனக்கு முன்னாடி நீ கேட்டிருக்கணும். கடன் உன் பேருலதான இருக்கு.

இன்னைக்கு ஜூன் பன்னெண்டு. உன் ஊர் அணையத் திறக்கல, குறுவைக்குத் தண்ணி இல்ல. நாத்து விடாத வருஷத்துல யாரும் காரு எடுத்துக்கிட்டு ஊரு சுத்த மாட்டாங்க. அப்பவும் இந்த மாசத் தவணை அஞ்சாந்தேதி கட்டிட்டேன். திருடன் கட்டுனான்னு வச்சுக்க.

தமிழ்மாறன்


மேட்டூர்
18.6.2024

தமிழ்மாறனுக்கு,

ரசீதுகளைப் பார்த்தேன். சீல் இருக்கிறது. எதற்காகக் கட்டிய பணம் என்று ஒன்றிலாவது எழுதியிருக்கிறதா? தவணைக்குக் கட்டிய ரசீதை எனக்குக் காட்டுகிறாயா, தாமதக் கட்டணத்துக்குக் கட்டியதைக் காட்டுகிறாயா, யாருக்குத் தெரியும்? கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்து தவணைப் பட்டியலை வாங்கினேன். இருபத்து நாலு வரி. இருபத்து நாலிலும் தவணைத் தொகை மட்டும்தான். ஐயாயிரம் என்ற எண் எங்கேயும் இல்லை.

பத்தாயிரத்துக்குப் பொய் சொன்னேன் என்று நீயே எழுதுகிறாய். அதையும் ஏதோ தர்மம் செய்த மாதிரி எழுதுகிறாய். நவம்பர் மாதம் நான் கேட்டபோது "கட்டிட்டேன்க்கா, கேஷியர்கூட உன்ன விசாரிச்சாங்க" என்றாய். இல்லாத கேஷியரைப் பேசவைத்தவன் இல்லாத ரசீதைச் செய்ய மாட்டானா?

அப்பா அடுத்தவர் வயலில் அரிவாள் பிடித்துப் படிக்கவைத்தார், நான் படித்தேன். உன்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தது நான். இரண்டாம் வருஷம் விட்டாய். செல்போன் கடை என்றாய், அதற்கு நாற்பதாயிரம். அதையும் விட்டாய். ஒவ்வொரு தடவையும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், விடுகிறாய் என்றால் என்னிடம் முதலில் சொல் என்று. ஒரு தடவையாவது சொன்னாயா?

வீட்டை விற்கிறவர், நான் ஜூலை பதினைந்துக்குள் கிரயம் செய்யாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். எனக்கு நாற்பத்தோரு வயசாகிறது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஒருத்தரிடம் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

முப்பதாம் தேதி வரை என்று சொன்னேன். உன் ரசீதுகளைப் பார்த்த பிறகு அதுவரை பொறுக்க எனக்கு மனசில்லை. இவரை அனுப்புகிறேன், உன் மாமாவை. அவரிடம் இன்னொரு சாவி இருக்கிறது. தகராறு செய்யாதே.

எழில்மொழி


நீடாமங்கலம்
28.6.2024

அக்கா,

நேத்து விடிகாலை மாமா வந்து வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்றேன்.

வியாழக்கிழமை வலங்கைமான் ஐயாவு பெரியவருக்கு தஞ்சாவூர்ல டயாலிசிஸ். திங்களும் வியாழனும் ஒன்றரை வருஷமா நான்தான் கொண்டுபோறேன். அஞ்சரைக்கு வண்டியைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன், செழியன் மாமா ஆட்டோவுல வந்து இறங்கறாரு. "என் கையில ஒண்ணும் இல்ல மாப்ள, உங்க அக்கா சொல்லிட்டா"ங்கறாரு. "மாமா, பெரியவரை மட்டும் விட்டுட்டு வந்து சாவி தரேன், பத்து மணிக்கு எடுத்துக்கங்க"ன்னேன். உன்கிட்ட போன் போட்டாரு. நீ என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். "அவன் பேச்சைக் கேக்காதீங்க, ஏறி உட்காருங்க." ஸ்பீக்கர்லதான் இருந்துச்சு.

பெரியவருக்கு வேற வண்டி அமர்த்தறதுக்குள்ள எட்டு மணி ஆயிடுச்சு. அவரு மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. மத்தியானம் வரைக்கும் மூச்சு வாங்கிக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு. நீ நர்ஸு. அது எப்படி இருக்கும்னு நான் உனக்கு எழுத வேண்டியதில்ல.

அவரை உள்ள அனுப்பிட்டு நேரா பஸ் ஏறி மன்னார்குடி கிளைக்குப் போனேன். ஜெயபாரதின்னு புதுசா ஒரு கேஷியர் அம்மா. ரசீது இருபத்தி ரெண்டையும் மேசையில கொட்டுனேன். அந்த அம்மா ஒவ்வொண்ணா நம்பரைத் தட்டிப் பாத்துட்டு, "பணம் எல்லாம் இருக்குங்க, ஒரு லட்சத்துப் பத்தாயிரம்"னாங்க. "எங்க இருக்கு?"ன்னேன். "அட்வான்ஸா நிக்குது. அசல்ல கழிக்கல"ன்னாங்க.

புரியும்படி சொல்றேன், எனக்கே மூணு தடவ சொல்லித்தான் புரிஞ்சுது. கூடுதலாக் கட்டுற பணத்தை அவங்க தானா அசல்ல கழிக்க மாட்டாங்களாம். கடன் வாங்குனவங்க "அசலில் கழிக்கவும்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். குடுக்கலன்னா அது பின்னால வர்ற தவணைக்கு முன்பணம்னு ஒரு ஓரத்துல கெடக்குமாம். தவணையை நான் ஆப்புல தனியா கட்டிக்கிட்டே இருந்ததால அதை யாரும் தொடல. ரெண்டு வருஷமாக் கெடக்கு. அதுக்கு வட்டியும் இல்ல. நம்மகிட்ட மட்டும் முழு அசலுக்கும் வட்டி வாங்கிட்டான்.

"கையெழுத்து வேணும்னு ஏன் சொல்லல?"ன்னு கத்துனேன். அந்த அம்மா பழைய ஃபைலை எடுத்துக் காமிச்சாங்க. சொல்லியிருக்காங்க. ரெண்டாயிரத்து இருபத்திரண்டு ஆகஸ்டுல, அப்ப இருந்த ஆளு ஒரு ஃபாரம் குடுத்தான். அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, அதை நான் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்புல அனுப்புனேன். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புன்னு எழுதுனேன். உன் போன்ல பாரு. என்னை பிளாக் பண்ணியிருந்தாலும் பழசு இருக்கும்ல.

இன்னைக்கு அடுத்தவன் வண்டியில நாள் கூலிக்கு ஓட்டுனேன். எண்ணூறு ரூவா.

தமிழ்மாறன்


மேட்டூர்
3.7.2024

தம்பி,

பார்த்தேன்.

ஆகஸ்ட் 19, 2022. காலை பதினொன்று இருபது. போட்டோ இருக்கிறது. அதற்குக் கீழே நீ எழுதியது இருக்கிறது: "அக்கா இதுல சைன் போட்டு அனுப்பு, அப்பதான் கழிப்பாங்களாம்." அதற்கும் கீழே என் பதில்: "டூட்டி. பிறகு."

அதன் பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை.

அன்றைக்கு என்ன டூட்டி என்றுகூட எனக்கு நினைவில்லை. இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை. ஏதாவது பெரிய கேஸ் வந்திருந்தால் நினைவிருக்கும். சாதாரண நாளாகத்தான் இருந்திருக்கும்.

நேற்று லீவு போட்டுவிட்டு மன்னார்குடி வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை, பார்க்க முடியவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தையும் அசலில் கழிப்பார்கள். ஆனால் நேற்றைய தேதியிலிருந்துதான். பின்தேதியிட்டுக் கழிக்க மாட்டார்களாம். அந்தப் பணத்துக்கு இத்தனை நாளில் மிச்சமாகியிருக்க வேண்டிய வட்டி பதினாலாயிரம் போனது போனதுதான். "இருபத்திரண்டு தடவை வந்து கட்டியிருக்கிறானே, ஒரு தடவையாவது இன்னொரு முறை கேட்டிருக்கலாமே" என்று மேனேஜரிடம் சண்டை போட்டேன். "ஒப்பந்தத்தில் பதினேழாம் பக்கத்தில் இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம்" என்றார். அவருக்குக் குரலே உயரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை உன் மாமா வண்டியைக் கொண்டுவந்து விடுவார். டேங்க் நிரப்பச் சொல்லியிருக்கிறேன். தவறு நடந்துபோய்விட்டது. பதினாலாயிரத்தையும் நானே போட்டுக்கொள்கிறேன். மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஐயாவு பெரியவர் எப்படி இருக்கிறார்? கால் வீக்கம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்.

அக்கா


நீடாமங்கலம்
11.7.2024

அக்காவுக்கு,

வண்டி வந்துச்சு. டேங்க் நிரம்பியிருக்கு. டீசலுக்கான காசைத் திங்கக்கிழமையே அம்மா கையில குடுத்து மாமாவுக்கு அனுப்பச் சொல்லிட்டேன். உன் டீசல்ல ஓட்ட மாட்டேன்.

தவறு நடந்துபோய்விட்டதுன்னு எழுதியிருக்கே. அது தானா நடந்து எங்கயும் போவல. நீ பஸ் ஏறி வந்து செஞ்சே. மாமாவை அனுப்பி இன்னொரு தடவ செஞ்சே. மனசுல வச்சுக்காதேன்னா எங்க வச்சுக்கறது?

என்ன ஆச்சுன்னு கேட்டுக்க. மாசத்துல ஏழெட்டு நடை எனக்குக் குடுக்கறது அப்சர் அண்ணன். டிராவல்ஸ் ஆபீஸ் வச்சிருக்காருல்ல, அவருதான். நவக்கிரகக் கோயில் சுத்த வர்ற குடும்பங்களை எனக்குத்தான் விடுவாரு. ஜூன்ல ஒரு நடைகூடக் குடுக்கல. போயி கேட்டேன். அவரு நல்ல மனுஷன், முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. "தம்பி, மெட்ராஸ்லேருந்து வர்றவங்க வண்டியில நகையும் பையும் வச்சுட்டுக் கோயிலுக்குள்ள போறாங்க. உங்க சொந்த அக்காவே திருடன்னுட்டுப் போனாங்க. நாளைக்கு ஒண்ணு காணோம்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?" அவரு மேல எனக்குக் கோவமே வரல. அவரு எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்.

என் பொண்டாட்டி ஆர்த்தி மீன் வாங்கப் போன எடத்துல, "உங்க வீட்டுக்காரரு அக்கா காசைத் தின்னுட்டாராமே"ன்னு கேட்டிருக்காங்க. மீனை வாங்காம வந்துட்டா. அன்னைக்குப் பூரா என்கிட்ட பேசல. அவளும் ஒரு நாள் என்னை அப்படி நெனச்சாளான்னு நான் கேக்கல. கேட்டு ஆமான்னுட்டா என்ன பண்றது?

ஐயாவு பெரியவர் வீட்டுல வேற வண்டி பாத்துக்கிட்டாங்க. ஒன்றரை வருஷம். அந்த ஒரு நாளுக்காக. கால் வீங்கியிருக்கான்னு நீயே போயி பாத்துக்க.

உன் பதினாலாயிரம் எனக்கு வேண்டாம். இனிமே ஐயாயிரமும் அனுப்பாதே. ஃபாரத்துல கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தடவதான் கேட்டேன், மறுபடி ஞாபகப்படுத்தல. அது என் தப்பு. நீ டூட்டின்னா மறுபடி கேக்க எனக்கு பயம். பத்தாயிரம் பொய்யும் என் தப்பு. அந்தப் பத்தாயிரத்தை இந்த மாசம் ரெண்டாயிரம், அடுத்த மாசம் ரெண்டாயிரம்னு உனக்கே அனுப்பிடறேன். என் பங்கை நான் எழுதிட்டேன்.

உன் பங்கை எனக்குக் கடுதாசியில எழுதாதே. ஸ்டாண்டுல சொன்னதை ஸ்டாண்டுல வந்து மாத்திச் சொல்லு.

தமிழ்மாறன்


மேட்டூர்
19.7.2024

தமிழ்மாறனுக்கு,

என்ன கேட்கிறாய் என்று தெரிந்துதான் கேட்கிறாயா? நடுத்தெருவில் ஏழு ஆண்கள் பீடி பிடித்துக்கொண்டு நிற்க, நான் அவர்கள் முன்னால் கை கட்டி நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைப் பார்த்து நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும். பத்தொன்பது வயசில் கிளம்பி மாதாமாதம் பணம் அனுப்பிய அக்காவுக்கு நீ போடுகிற மாலை இது.

வீடு போய்விட்டது. பதினாறாம் தேதி வேறொருத்தருக்குக் கிரயம் ஆகிவிட்டது. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. நீ நடை போனதை எழுதினாய், நான் வீடு போனதை எழுதுகிறேன். யாருடையது பெரிது என்று எடை போட்டுக்கொள்ளலாம்.

கம்பெனித் தலைமை அலுவலகத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது. நாலு வரி. விதிமுறைப்படிதான் நடந்திருக்கிறதாம், என் பொறுமைக்கு நன்றியாம். எனக்குப் பொறுமை இருப்பதாக அவர்களுக்கு யார் சொன்னது?

ஞாபகப்படுத்த பயம் என்கிறாய். நான் என்ன உன்னை அடித்தேனா? அப்பா உன்னை அடிக்க வந்தபோதெல்லாம் நடுவில் விழுந்தவள் நான். என்னைப் பார்த்து பயம் என்றால், அந்தச் சொல்லை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அந்தக் கடிதத்தில் திட்டியதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. அந்த ஒரு சொல் வலித்தது. உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "நானும் உன்கிட்ட ஒரு விஷயத்தை ரெண்டாவது தடவ கேக்க மாட்டேன் எழிலு" என்றார். பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டீசல் காசு வந்தது. உன் இரண்டாயிரமும் வந்தது. இரண்டையும் தனியாக வைத்திருக்கிறேன். செலவழிக்க மாட்டேன்.

ஸ்டாண்டுக்கு வர மாட்டேன். என்னால் முடியாது. இதோடு விடு.

எழில்மொழி


நீடாமங்கலம்
14.8.2024

அக்காவுக்கு,

ஆடிப்பெருக்கு அன்னைக்கு நான் ஒரு குடும்பத்தை ஏத்திக்கிட்டு திருவையாறு போயிருந்தேன். தண்ணி தொறந்து அஞ்சாறு நாள்தான், ஆத்துல கலங்கலா வந்துக்கிட்டிருந்துச்சு, படித்துறை பூரா கூட்டம். திரும்ப சாயங்காலம் ஆறு மணி. ஸ்டாண்டுல வண்டிய விட்டா எல்லாரும் என்னையே பாக்கறானுங்க. மறுபடி என்னத்தைச் சொல்லிட்டுப் போனாளோன்னு நெனச்சேன். உண்மையைச் சொல்றேன், அப்படித்தான் நெனச்சேன்.

அப்சர் அண்ணன் கூப்பிட்டு ஆபீஸ்ல உட்காரவச்சு சொன்னாரு.

காலையில பத்து மணிக்கு வந்தியாம். அஞ்சு பேரு இருந்தாங்களாம். "ஜூன் ரெண்டாம் தேதி இங்க ஏழு பேரு இருந்தீங்க, மீதி ரெண்டு பேரு எங்க?"ன்னு கேட்டியாம். அவனுங்களுக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் நின்னபடிக்கே சொன்னியாம். அவரு சொன்னதை அப்படியே எழுதறேன். "அன்னைக்கு என் தம்பியைத் திருடன்னு சொன்னேன். அவன் திருடல. பணம் பூரா கம்பெனியில இருந்துது. நான் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடாம விட்டதால வந்த வினை. விசாரிக்காம உங்க முன்னாடி பேசுனது என் தப்பு. நடுவுல ஒரு பத்தாயிரத்துக்கு எங்கிட்ட பொய் சொன்னான், அதை நான் வீட்டுல பாத்துக்கறேன், நீங்க யாரும் அதைப் பேசக் கூடாது."

ஒருத்தன் டீ வாங்கிட்டு வந்தானாம். வேண்டாம்னுட்டியாம். ஆறாவது ஆளு மன்னார்குடியிலேருந்து திரும்பற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அந்த வெயில்ல பெஞ்சுல உட்கார்ந்திருந்து, அவன் வந்ததும் எந்திரிச்சு முழுசா மறுபடி சொன்னியாம். ஏழாவது ஆளு தங்கமணி, பட்டுக்கோட்டைக்குத் தேங்கா வியாபாரி ஒருத்தரைக் கொண்டுபோயிருந்தான். அவன் நம்பரை வாங்கி ஓரமாப் போயி பேசுனியாம். அவன் சாயங்காலம் வந்து, "அண்ணே, யாரோ ஒரு அம்மா போன் பண்ணி நீ திருடன் இல்லன்னு சொன்னாங்க, நான் எப்ப சொன்னேன்?"ங்கறான். அவனுக்கு ஜூன் மாசமே மறந்துபோச்சு.

அங்கேருந்து வலங்கைமானுக்கு பஸ்ஸுல போயி ஐயாவு பெரியவர் காலை அழுத்திப் பாத்துட்டு வந்தியாமே. அவரு மகன் நேத்து போன் பண்ணான். திங்கக்கிழமையிலேருந்து நான்தான் போறேன். அப்சர் அண்ணனும் வர்ற வாரம் ஒரு நடை குடுத்திருக்காரு.

இவ்வளவும் செஞ்சே. அம்மா இருக்கற வீடு ஸ்டாண்டுலேருந்து முக்கா கிலோமீட்டர். வீட்டுக்கு வரல. ஆடிப்பெருக்கன்னைக்கு நான் வண்டி ஓட்டப் போவேன்னு உனக்குத் தெரியும். நான் இல்லாத நாளாப் பாத்து வந்திருக்கே.

ஏழு பேருகிட்ட சொல்லிட்டே. திருடன்னு கேட்டது அன்னைக்கு எட்டுப் பேரு அக்கா. எனக்கு இன்னும் கோவம் போவல. போச்சுன்னு பொய் எழுத வேண்டாம்னு பாத்தேன்.

தமிழ்மாறன்


மேட்டூர்
20.8.2024

தம்பி தமிழ்மாறனுக்கு,

நீ இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்தேன். ஏழு பேரிடம் சொல்லிவிட்டேன், முடிந்தது. நீ நின்றிருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காது. மறுபடி ஏதாவது சண்டை பிடித்து முடித்திருப்பேன். வீட்டுக்கு வராததும் அதனால்தான். அம்மாவுக்கு என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

நீ திருடவில்லை. நான் உன்னைத் திருடன் என்றது பொய். வரிசையில் நின்று நின்று நீ கட்டிய பணம் அது. தவணை ஒன்றுகூடத் தவறாமல் கட்டியிருக்கிறாய், இந்த வறட்சியிலும். அதை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். பெரியவர் மெஷினைத் தவறவிட்டதற்கு நான் காரணம். பெஞ்சில் மூச்சு வாங்கியது என்று நீ எழுதியதை நினைக்காமல் ஒரு நாளும் டயாலிசிஸ் வார்டைத் தாண்டிப் போக முடியவில்லை. இதையெல்லாம் எழுதும்போது உனக்கு முன்னால் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது. போதுமா என்று எனக்குத் தெரியாது.

எனக்கும் கோபம் போகவில்லை. தண்ணீரில் வண்டியை இறக்கியதற்கும் பொய் சொன்னதற்கும் நேரில் கேட்பேன். அந்தப் பதினேழாம் பக்கத்துக்காரர்கள் மேல் இருக்கிற கோபம் சாகும்வரை போகாது. நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறேன். அதற்கு உன் ரசீதுகள் வேண்டும், அசலே வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது.

செப்டம்பர் ஏழு எட்டு சனி ஞாயிறு, எனக்கு டூட்டி இல்லை. அம்மா ஒரு மாதம் என்னோடு இருக்கட்டும். உன் வண்டியில் கொண்டுவந்து விடு. நம் அம்மா கண்ணாத்தாள் வருகிறாள் என்றால் அவள் காரத்துக்கு மேட்டூரில் இருக்கிற மிளகாய் வற்றலையெல்லாம் வாங்கி வைக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் வெள்ளிக்கிழமை சாயங்காலமே நீடாமங்கலம் வந்துவிடுவேன், காலையில் மூவருமாகக் கிளம்பலாம். வழி ஆறு மணி நேரம். நான் முன்சீட்டில் உட்காருவேன். எனக்குச் சொல்ல இருப்பதைத் திருச்சி வரைக்கும் நான் சொல்கிறேன், அதற்குப் பிறகு நீ சொல். அம்மா குறுக்கே பேசக் கூடாது.

வாடகை உண்டு. தம்பி என்று குறைக்காதே, அக்கா என்று ஏற்றாதே. மேட்டூருக்குப் போக வர கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஒரு ராத்திரி தங்கினால் டிரைவர் படி எவ்வளவு என்று எழுதி அனுப்பு.

அக்கா